கண்மட்டம்

நான்கு டாலர்.
சட்டம் மட்டுமே பத்து பெறும் என்றாள் மார்லிஸ்,
தேவாலயத்துப் பழம்பொருள் கடையில்
ஒற்றைக் கையுறைகளுக்கு ஜோடி தேடிக்கொண்டே.
மூடியில்லாத காப்பிக் குடுவைக்கும்
பனிச்சறுக்குக் கட்டைக்கும் நடுவில்
சுவரைப் பார்த்து நின்றது படம்,
வகுப்பில் தண்டனை வாங்கிய பையனைப்போல.

திருப்பினேன்.
நிலாவா விடியலா என்று சொல்லாத வெளிச்சம்.
பனி. சாலை. வலப்பக்கம் ஏரி;
ஏரி என்று சொல்ல ஒரு கோடு, அவ்வளவே.
இடது மூலையில்
டி. கே. 17.

ட்யுலூத்தில் ஓவியக்கூடம் நடத்தும் துராண்ட்
கைவிளக்கால் அதன் முதுகைத் தடவினார்.
துணி அல்ல, அட்டை.
வீட்டுச் சுவருக்கு அடிக்கிற பெயின்ட்.
பயிலாதவன் கை.
பதினேழு என்றால் தொடரில் பதினேழாவது,
இல்லையென்றால் வரைந்தவனின் வயது.
"டேனிஷ்காரனாக இருக்கலாம்,
அவர்கள்தான் வெள்ளைக்குள் இவ்வளவு நீலம் வைப்பார்கள்."
காப்பி வாங்கித் தந்தார்.
படத்தை வாங்கவில்லை.

மூன்று வாரம்
சமையலறைக் கடிகாரத்தின் கீழ் தொங்கியது.
டேவிட், டொனால்ட், டீட்ரிக்...
நூலகத்தின் பழைய தொலைபேசிப் புத்தகத்தில்
கே-யில் தொடங்கும் குடும்பங்கள்
ஃபின்லாந்தே குடிவந்ததுபோல் நான்கு பக்கம்.
கூப்பிட்டேன்.
ஒருவர், தான் வரையவில்லை என்றார்;
நேரில் வருவதாக இருந்தால்
வரைந்ததாக ஒப்புக்கொள்கிறேன் என்றார்.

பிப்ரவரியில் ஒரு நாள்
பதினான்கு மணிநேரப் பணி முடிந்து
பூட்ஸைக்கூடக் கழற்றாமல் சூப் குடிக்கையில்
கரண்டி பாதியில் நின்றது.
இந்தச் சாலையை இப்படி யாரும் பார்க்க முடியாது.
நடப்பவனுக்கு ஓரத்துப் பனிச்சுவர் ஏரியை மறைக்கும்.
காரில் போனாலும் மறைக்கும்.
சுவருக்கு மேலே அது ஒரு கோடாக எழ
கண்மட்டம் ஒன்பதடி வேண்டும்.
கீழ் விளிம்பில், பிழை என்று துராண்ட் தள்ளிய
ஆரஞ்சுக் கீற்று
அலகு எங்கே முடிகிறது என்று தெரிய
நாங்கள் செருகும் குச்சியின் நுனி.

பனி வாரும் வண்டி ஓட்டுகிறேன்,
பத்தொன்பது குளிர்காலமாக.
பாலம் தாண்டிய அந்த வளைவு
என் முழங்காலுக்கே தெரியும்.
அதை விட்டுவிட்டு
கையெழுத்தைப் படித்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

பதினேழு, வண்டி எண்.
பணிமனையில் வெர்ன் சிரித்தான்:
"பதினேழை எடைக்குப் போட்டு இருபது வருஷம்."
சாவியை என்னவோ தந்தான்.
கொதிகலன் அறையில்
எலி தின்று மிச்சம் வைத்த பதிவேடுகள்.
எண்பத்தொன்று. ஜனவரி. இரவுப் பணி.
வண்டி 17. டீசல் நாற்பது காலன். உப்பு மூன்று டன்.
ஓட்டுநர்: டெல்ஃபின் கோஸ்கி.

மூன்று வாரமாக நான் வாயில் வைத்திருந்த
'வரைந்தவன்' என்ற சொல்லுக்கு
அந்தத் தூசியில் ஈற்றெழுத்து மாறியது.

"பெண்ணா? இங்கேயா? எண்பத்தொன்றிலா?"
வெர்ன் பதிவேட்டைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான்,
சாய்த்தால் பெயர் வழுக்கி விழுந்துவிடும் என்பதுபோல.

அறுபத்திரண்டு இரவுகள் ஓட்டியிருக்கிறாள்.
குறிப்புக் கட்டத்தில் மற்றவர்கள் கோடு போட்டிருக்க
அவள் எழுதியிருந்தாள்:
'4.10. பாலத்தருகே நின்றேன். ஆறு நிமிடம். கோளாறு இல்லை.'
மார்ச் இரண்டாம் வாரத்துக்குப் பின் வேறு கை.
ஏன் என்று எந்தக் கட்டத்திலும் இல்லை.
தொலைபேசிப் புத்தகத்தில் எட்டு கோஸ்கிகள்.
எட்டுப் பேருக்கும் டெல்ஃபினைத் தெரியாது.

துராண்டிடம் சொல்லவில்லை.
மார்லிஸிடம் சொன்னேன்;
மேலே ஆறு டாலர் கேட்டாள்.

நேற்று அங்கே நிறுத்தினேன்.
அலகைத் தூக்கி, விளக்குகளை அணைத்தேன்.
மணி நான்கு இருபது, தாமதம்தான்.
வெள்ளைக்குள் நீலம் இருந்தது.
படத்தில் உள்ளதைவிடக் கொஞ்சம் குறைவு,
அல்லது எனக்கு ஆறு நிமிடம் போதவில்லை.
ரேடியோ கரகரத்தது: ஏன் நிற்கிறாய்?
கோளாறு இல்லை என்றேன்.